அக்கா என்னும் அந்நிய முதலீடு

என் பெரியப்பா மகளை அந்நிய நாட்டு உளவாளி என்று அரசாங்கத்திடம் காட்டிக்கொடுத்த முட்டாள் நான்தான். யாரும் என்னை அடித்து மிரட்டவில்லை. ஆசை காட்டவில்லை. ஒரு கிளாஸ் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்கள். அதிலும் ஐஸ்தான் அதிகம். அதை உறிஞ்சிக்கொண்டே, கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னது போதாதென்று, "இன்னும் இன்னா சார் தெரியணும், கூச்சப்படாம கேளுங்க" என்று வேறு சொன்னேன்.

இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எனக்குத் தொழில்முறைத் தகுதி உண்டு. செஞ்சிக் கோட்டையில் நான் வழிகாட்டி. ராஜகிரி மலை உச்சிக்கு ஏறி ஆறு வருடமாகிறது, முழங்கால் சம்மதிப்பதில்லை. கல்யாண மகாலுக்குப் பக்கத்து மரத்தடியில் நின்றபடி குடை முனையால் மேலே காட்டி, "அதோ, அந்தப் பாறை பிளந்திருக்குது பாருங்க, அங்கதான் மரப்பாலம்" என்று ஆரம்பிப்பேன். நான் சொல்லி முடிக்கும்போது, ஏறாதவர்களுக்கே மூச்சு வாங்கும். கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. நானும் புதுக் குடை வாங்கியிருக்கிறேன். கதை மட்டும் பழையதுதான்.

அந்தக் கதைகளில் எனக்கு அதிகம் கைதட்டல் வாங்கித் தருவது பிரெஞ்சுக்காரர் கதை. மூன்று மலை, சுற்றிலும் மதில், அகழி, பீரங்கி. யாராலும் பிடிக்க முடியாது என்று பெயரெடுத்த கோட்டையை அவர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். பத்து வருடத்துக்கும் மேல் வைத்திருந்தார்கள். வெங்கட்ரமணர் கோயில் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் நிற்பவை அவைதான் என்பார்கள். இதுவரைக்கும் எல்லா வழிகாட்டியும் சொல்வான். இதற்குப் பிறகு நான் குடையை மடக்குவேன். குரலைத் தாழ்த்துவேன். "போனவங்க போய்ட்டாங்கன்னா நெனைக்கிறீங்க? திரும்பி வந்துட்டாங்க சார். இந்தத் தடவ பீரங்கி இல்ல, மரச்செக்கு."

சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், எங்கள் அக்கா திருவண்ணாமலை சாலையில் மரச்செக்கு எண்ணெய் ஆலை தொடங்கப்போகிறது, திறந்ததும் வந்து வாங்குங்கள் என்று சொல்லி முடிப்பேன். ஆக, அது கதையல்ல. விளம்பரம். நான் அக்காவுக்கு உதவி செய்துகொண்டிருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா மகள். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மாதிரி வீடுகளைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். கல்யாணமான மறுவருடம் பாரிஸ் பக்கம் போனது அக்கா. அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருபத்தாறு வருடம் உருளைக்கிழங்கு சீவியது. நடுவில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டது. மாமா காலமானார். மகள் அங்கேயே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அக்கா இரண்டு பெட்டியோடு செஞ்சிக்குத் திரும்பி, அப்பா பங்கில் வந்த நிலத்தில் கொட்டகை போட்டது.

கொட்டகைக்குக் கூரை வேயும் முன்பே பெயர்ப்பலகை எழுதி வாங்கிவிட்டது. மஞ்சளில் சிவப்பு எழுத்து, அக்காவின் முழுப் பெயர், கீழே 'மரச்செக்கு எண்ணெய்'. "கூரையே இல்ல, அதுக்குள்ள போர்டு இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"இருபத்தாறு வருசம் எவ்ளோ பேருக்கு ஆக்கிப் போட்டேன். ஒரு எடத்துல என் பேர் இல்ல. ஒரு போர்டுலயாவது இருக்கட்டும்" என்றது அக்கா. அதற்கு மேல் நான் கேலி செய்யவில்லை. இது என் வாழ்க்கையில் அபூர்வமாக நடப்பது.

இயந்திரத்துக்கு வங்கியில் கடன் கேட்டோம். சிறுதொழிலுக்கான அரசு மானியம் உறுதியானால்தான் கடன் என்றார்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்க இணைய மையத்துக்குப் போனோம். அங்கேதான் ஒரு புது உத்தரவு எங்களை மறித்தது. தொழிலில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கையில் இருந்தால், நேரடியாக மானியம் கிடையாது. பாதுகாப்பு விசாரணை நடக்கும். ஆட்சேபம் இல்லை என்று மேலேயிருந்து கடிதம் வந்தால்தான் பரிசீலனை.

எனக்குப் பயங்கர ஆச்சரியம். கோட்டைக்குள் அகழியும் மதிலும் காட்டிப் பிழைப்பவன் நான். இதுவும் ஒரு அகழிதானே, இதை எதைக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. விண்ணப்பத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். உரிமையாளரின் நாடு எது? இதற்கு முன் இருந்த நாடு எது? ஒரு கேள்வி மட்டும் என்னை அப்படியே நிறுத்திவிட்டது: 'இத்தொழிலின் பயனை இறுதியில் அடைபவர் யார்?'

"அக்கா, இது சாமியார்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியாச்சே" என்றேன்.

"இப்போதைக்குக் குரங்குதான்னு போடு" என்றது.

அது விளையாட்டாகச் சொன்னாலும் உண்மை. மல்லாட்டை அறுவடை நேரம். வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை என்றால் புரியும். மணிலாவிலிருந்து வந்ததால் மணிலாக்கொட்டை, அது எங்கள் வாயில் மல்லாட்டை ஆனது என்பார்கள். அப்படியானால் ஆட்டப்போகிற கொட்டைக்கே ஒரு விசாரணை வைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா தன் நிலத்து மல்லாட்டையை வீட்டு மொட்டை மாடியில் காயவைத்திருந்தது. கோட்டைக் குரங்குகள் அதை மோப்பம் பிடித்து, காலை டிபனுக்குக் குடும்பத்தோடு வர ஆரம்பித்தன.

அக்கா மகள் பாரிஸிலிருந்தே ஒரு யோசனை சொன்னாள். மாடியில் ஒரு கேமரா மாட்டச் சொன்னாள். ஒலிபெருக்கி உள்ள சின்னக் கேமரா. படம் அவள் போனுக்குப் போகும். நமக்குப் பதினோரு மணி என்றால் அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். காப்பி குடித்துக்கொண்டே பார்ப்பாள். குரங்கு வந்தால் அங்கிருந்து கத்துவாள், இங்கே மாடியில் கேட்கும். "தேகாஜ்! தேகாஜ்!" குரங்குகள் விழுந்தடித்து ஓடும். நான் தமிழில் எவ்வளவு கத்தியும் நகராதவை. "அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டேன். "போன்னு அர்த்தம். மரியாதை இல்லாத போ" என்றது அக்கா.

விண்ணப்பம் போய் ஒரு மாதம் இருக்கும். கோட்டையில் ஒருவர் என் மரத்தடிக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, பளபளக்கும் செருப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. சுற்றுலா வருபவன் எவனாவது இரண்டு பேனாவோடு வருவானா? இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அன்றைக்கு யோசித்தது, ஆள் தனியாக வந்திருக்கிறார், நல்ல கேள்வி கேட்கிறார் என்பது மட்டுமே. கரும்புச்சாறு வேறு சொன்னார்.

"இங்க பிரெஞ்சுக்காரங்க இருந்தாங்களாமே?" என்றார்.

நான் குடையைப் பிரித்தேன். ஒரே இரவு, மதில், தூண்கள் எல்லாம் சொல்லி, குடையை மடக்கி, மரச்செக்கில் முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளைப் பார்த்தால் எனக்கு ரோஷம் வந்துவிடும். விடாமல் மேலே போனேன்.

"மெய்யாலுமே இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்க அக்காதான் சார். பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. மொட்ட மாடில ஏறுனா மூணு மலையும் தெரியும். அங்க கேமரா வச்சிருக்குது."

"கேமராவா?"

"படம் நேரா பிரான்சுக்குப் போவுது சார். அங்க ஆள் உக்காந்து பாத்துக்கினே இருக்குது. இங்க எதுனா அசைஞ்சா போதும், அங்கேர்ந்து பிரெஞ்சுல உத்தரவு வந்துடும்."

குரங்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கதையின் சுவாரசியம் போய்விடும். எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் கதை சொல்கிறவன் திறமை இருக்கிறது, அதில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு. அவர் ஒரு பேனாவை எடுத்தார். என் கதையை எழுதிக்கொள்ளும் முதல் ரசிகர் என்று பூரித்து, மெதுவாக, எழுத வசதியாக, மறுபடியும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பியது. கையில் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, நேரில் வந்து விளக்கம் அளிக்கவும். அக்கா நின்றபடியே படித்தது.

"வீட்டு மாடியில் கேமரா பொருத்தி, கோட்டைப் பகுதி தெரியும் காட்சிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வரும் உத்தரவுப்படி நடப்பதாகவும் உள்ளூரில் பேசப்படுகிறது." நிமிர்ந்து என்னைப் பார்த்தது. "எவன்டா பேசுனான்?"

"ஊர்னா நாலு பேர் பேசத்தான் செய்வான்" என்றேன். மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன்.

"மூணாவது பாயிண்ட்டைக் கேளு. 'இந்தத் தடவை பீரங்கி இல்லை, மரச்செக்கு என்றும் கூறப்படுகிறது.' இந்த ஊர்ல இதை எத்தினி பேர்டா சொல்றான்?"

மின்விசிறியும் என்னைக் கைவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வேர்வையோடு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேனா, கரும்புச்சாறு, ஐஸ் உட்பட. அக்கா திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வியாழக்கிழமை விழுப்புரம் வர்ற. கூப்பிட்டாத்தான் வாயத் தெறக்கணும்" என்றது. அது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பஸ் முழுக்க எனக்கு ஒரே கேள்வி குடைந்தது. எண்ணெய் ஆட்டுவதில் நாட்டுக்கு என்ன ஆபத்து? என் குற்ற உணர்ச்சியை விட அந்தக் கேள்வி பெரிதாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. தவறாக நினைத்தாலும் பரவாயில்லை, அதுதான் உண்மை.

அலுவலகத்தில் விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. ஓரத்து நாற்காலியில் என் ரசிகர், அதே இரண்டு பேனாவோடு. அக்கா கேமராவைப் பற்றியும் குரங்கைப் பற்றியும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"குரங்குன்னு அன்னிக்கே ஏன் சொல்லல நீங்க?"

"கதை கெட்டுடும்னு மேடம்."

அவர் சிரிப்பை அடக்கினார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில், கூப்பிடாமலேயே வாயைத் திறந்தேன். "ஒரு சந்தேகம் மேடம். எண்ணெய் ஆட்டுறதுல அப்படி இன்னா பாதுகாப்புப் பிரச்சனை?"

அக்கா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தது. அதிகாரி கோபப்படவில்லை.

"எண்ணெய்ல ஒண்ணும் இல்ல. மானியம்ங்கிறது ஊர்ப் பணம். அதை வாங்குறவங்க பின்னாடி யார் இருக்காங்க, யார் சொன்னா கேப்பாங்கன்னு தெரிஞ்சிக்கணும்ல? வாசல்ல ஒரு பேர், உள்ளார வேற ஆள்னு வர்றவங்களும் இதே ஃபாரத்தைத்தான் பூர்த்தி பண்றாங்க. நல்லவங்களுக்குத் தனி ஃபாரம் அடிக்க முடியாது." பிறகு அக்காவைப் பார்த்தார். "உங்க கேமரா படம் மகளுக்குப் போவுது, சரி. நடுவுல எந்த ஊர் கம்ப்யூட்டர் வழியாப் போவுது? யார்லாம் பாக்கலாம்? தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றது அக்கா.

எனக்கும் தெரியாது. அந்தக் கேமராவைச் செய்தது எந்த நாடு என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. விலை குறைவு என்று வாங்கினோம். கோட்டையில் இத்தனை வருடம் காவல் கோபுரத்தைக் காட்டிக் காட்டிப் பேசியிருக்கிறேன். காவல்காரன் எதைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த அம்மாள் அந்தக் கோபுரத்தில் நிற்கிறார். தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அது படையா, மல்லாட்டை மூட்டையா என்று கிட்டே வந்தால்தான் தெரியும். அது படைதான் என்று கீழேயிருந்து கத்தியவன் நான்.

"விசாரிங்கம்மா, வேணாங்கல" என்றது அக்கா. "அந்த நாட்டுல பேப்பர் குடுக்கும்போதும் இப்படித்தான் கேட்டாங்க. பதில் சொல்லிப் பழக்கம் இருக்குது. ஆனா என்னைப் பத்தி என்னைக் கேளுங்க. இவனைக் கேட்டா?"

ஓரத்து நாற்காலி இருமியது.

அதிகாரி ஒரு வழி சொன்னார். "பாதிக்கு மேல பங்கை இந்தியக் குடியுரிமை உள்ளவங்க யார் பேர்லயாவது நெசமாவே மாத்திட்டா, இந்த விசாரணையே வேணாம். அடுத்த மாசமே மானியம் கெடைக்கலாம். தம்பி, தங்கச்சி யார் பேர்லயாவது. ஆனா பேருக்கு மாத்துறதா இருக்கக் கூடாது, உண்மையிலேயே அவங்களோடதா இருக்கணும். இல்லன்னா மேலேர்ந்து கடிதம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"போர்டு எழுதியாச்சு" என்றது அக்கா. அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அடுத்த மாதமே செக்கு ஓட வேண்டுமென்றால் அந்தப் பெயர் மாற வேண்டும். பெயர் நிற்க வேண்டுமென்றால் செக்கு நிற்க வேண்டும். அக்கா இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தது.

மறுவாரம் என் ரசிகர் மாடியைப் பார்வையிட வந்தார். மல்லாட்டை பரப்பியிருந்தது. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தாட்டியான குரங்கு வந்து அவர் பையிலிருந்த இன்னொரு பேனாவை உருவிக்கொண்டது. "தேகாஜ்!" என்று கேமரா அலறியது. குரங்கு பேனாவோடு ஒரே தாவாகத் தாவியது. அவரும் இரண்டடி பின்னால் துள்ளினார்.

"இதுதான் அந்த உத்தரவுங்களா?" என்றார்.

"ஆமா சார். அவ்ளோதான் ரகசியம்" என்றேன்.

மிச்சமிருந்த பேனாவால் அவர் நல்லவிதமாகத்தான் எழுதினார் என்று பிறகு தெரிந்தது. குரங்கைத் தனிப் பத்தியாக எழுதியிருந்தாராம். ஆனால் கடிதம் வரும்வரை கேமராவைக் கழற்றிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அப்போதே ஏணி போட்டுக் கழற்றியது. கேமரா இருந்த இடத்தில் என்னை உட்காரவைத்தது. தண்டனை என்று அது சொல்லவில்லை. காலையில் குடையோடு மாடிக்கு வந்துவிடு, கோட்டைக்குப் பிற்பகலில் போய்க்கொள் என்று மட்டும் சொன்னது.

மகளிடம் போனில் பாடம் கேட்டு, "தேகாஜ்" என்று நானும் கத்திப் பார்த்தேன். குரங்குகள் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, அருகில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டன.

அறுவடை முடிந்தது. கடிதம் வரவில்லை. ஆட்ட வேண்டிய மல்லாட்டையை மூட்டை கட்டி மார்க்கெட் கமிட்டியில் விற்றோம். அவலூர்பேட்டைப் பக்கம் ஒருவரிடம் அக்கா பேசிவைத்திருந்த இயந்திரம் வேறொருவருக்குப் போனது. கொட்டகையில் பெயர்ப்பலகை மட்டும், சாக்குத் துணி சுற்றி, சுவரைப் பார்த்து நின்றது. அக்கா வாரத்துக்கு ஒருமுறை சாக்கைப் பிரித்துத் தூசு தட்டி மறுபடி சுற்றும். ஒருநாள் நான் போனபோது அப்படித் துடைத்துக்கொண்டிருந்தது. என் கதையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். மரத்தடியில் இப்போதெல்லாம் தூண்களோடு முடித்துக்கொள்கிறேன், கைதட்டல் பாதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்ததும் வேறு ஏதோ சொல்லத் தோன்றியது. நானும் ஒரு இந்தியக் குடிமகன்தானே என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. ஐம்பது வருடமாக அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. இப்போது இருந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "அக்கா, கோவப்படாம கேளு. அந்த அம்மா சொன்னாங்கல்ல, பாதிக்கு மேல பங்கு. பேசாம என் பேருக்கு மாத்திடேன். அடுத்த மாசமே செக்கு ஓடும். போர்டுல உன் பேரும் கீழ சின்னதா இருக்கட்டும். நான் நம்பிக்கையான ஆள்தானே?"

அக்கா துணியை உதறியது. பலகையைச் சாக்கில் சுற்றி, கயிற்றை இறுக்கி, முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"அதுக்கு அந்தக் குரங்கு பேருக்கே எழுதிடுவேன்."